வேலிக்குள் நின்ற கடிகாரம்

1903-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய மோட்டார் கார் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் இரண்டு கட்டளைகள் ஒன்றாக நிற்கின்றன. பொதுச் சாலையில் எந்தக் காரும் மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல், போகக் கூடாது என்பது ஒன்று. வண்டியின் வேகத்தைப் பற்றி ஒரே ஒரு சாட்சி கண்மதிப்பாகச் சொல்வதை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது மற்றது. முதல் கட்டளையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அடுத்த 27 ஆண்டுகள் இங்கிலாந்தின் சாலைகளில் நடந்ததைத் தீர்மானித்தது இரண்டாவது கட்டளைதான் என்பது என் வாதம். மறைந்திருந்து வேகத்தை அளந்து பிடிக்கும் வேகப்பொறி, போலீஸ்காரர்களின் வன்மத்தால் பிறந்ததல்ல. குற்றம் சாட்டப்பட்டவனைக் காப்பாற்ற எழுதிய நியாயமான ஒரு சாட்சிய விதியிலிருந்தே அது பிறந்தது. ஆனால் அந்த விதி, யாரும் நினைத்துப் பார்க்காத வகையில், காவலை ஆபத்து இருந்த இடத்திலிருந்து பெயர்த்து அளப்பதற்குத் தோதான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சட்டத்தின் மீது ஓட்டுநர்களுக்கு இருந்த மரியாதை குலைந்தது அங்கேதான். அதை மீட்க மூன்று தலைமுறை ஆயிற்று.

அதற்கு முந்தைய நிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1865-ஆம் ஆண்டுச் சட்டம் நீராவி வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், வண்டிக்கு முன்னே சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நடக்க வேண்டும் என்றது அது. 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊரின் வழியாக வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் தன் வண்டியை ஓட்டிப் போனபோது, ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் துரத்திச் சென்று பிடித்தார். வேகத்துக்கு விதித்த அபராதம் ஒரு ஷில்லிங், செலவுத்தொகை தனி. பிரிட்டனில் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் கார் ஓட்டுநர் அவர்தான் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதி இறந்தார். அந்நாட்டில் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர். நவம்பரில் புதிய சட்டம் வந்து வரம்பை 14 மைலாக உயர்த்தியது. உள்ளாட்சி வாரியம் அதை 12 ஆகக் குறைத்துக்கொண்டது. இந்தச் சில ஆண்டுகள் வரை ஒரு போலீஸ்காரரின் கண்ணும் காலும் போதுமானதாக இருந்தன. குற்றம் நடந்த இடத்திலேயே, ஊர் நடுவிலேயே, எல்லோர் கண்முன்னும் அவர் வண்டியை நிறுத்த முடிந்தது. 1903-க்குள் கார்கள் சைக்கிளைத் தாண்டிப் பறக்கத் தொடங்கிவிட்டன. இனித் துரத்திப் பயனில்லை. ஒருவர் மட்டும் பார்த்துச் சொல்வதற்கும் நீதிமன்றத்தில் மதிப்பில்லை. இந்த இக்கட்டுக்குக் கிடைத்த விடைதான் ஸ்டாப்வாட்ச்.

பொறி வைக்கும் முறை எளிமையானது. சாலையில் ஒரு ஃபர்லாங்கையோ கால் மைலையோ முன்கூட்டியே நாடா பிடித்து அளந்துகொள்வார்கள். ஒரு முனையில் ஒரு கான்ஸ்டபிள் புதர்வேலிக்குள் இருப்பார். கார் தன்னைக் கடந்த நொடியில் கையசைத்துச் சைகை காட்டுவார். மறுமுனையில் இருப்பவர் கடிகாரத்தை ஓடவிட்டு, கார் தன் முன்னே வரும்போது நிறுத்துவார். சற்றுத் தள்ளி இன்னொருவர் சாலையில் இறங்கி வண்டியை மறிப்பார். இரண்டு சாட்சிகளும் ஒரு கடிகாரமும் இருந்தால் சட்டம் கேட்ட சாட்சியம் முழுமை. 20 மைல் வேகத்தில் போகும் வண்டி ஒரு ஃபர்லாங்கைக் கடக்க இருபத்திரண்டரை வினாடி எடுக்கும். சைகை காட்டியவரும் கடிகாரம் பிடித்தவரும் சேர்ந்து இரண்டே வினாடி பிசகினாலும், வரம்பை அணுவளவும் மீறாத வண்டி கிட்டத்தட்ட 22 மைலில் வந்ததாகக் கணக்காகிவிடும். ஓட்டுநருக்கோ அதை மறுக்கக் கையில் எதுவும் இல்லை. அன்றைய கார்களில் வேகமானி கட்டாயமில்லை. புதிய கார்களில் அது இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 1937-இல்தான் வந்தது. தன் வேகம் என்னவென்றே உறுதியாகத் தெரியாத ஒருவரை அரை மைல் கூடுதலா குறைவா என்று அளந்து தண்டிக்கும் நிலை அது. முதல் குற்றத்துக்கு 10 பவுண்டு வரை, இரண்டாவதற்கு 20, அதற்குப் பிறகு 50 வரை அபராதம் விதிக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. அந்தக் காலத்து 10 பவுண்டு என்பது ஒரு தொழிலாளியின் பல வார ஊதியம்.

இப்படி அளக்க எத்தகைய சாலை வேண்டும் என்று யோசித்தால், காவல் எங்கே போய் நின்றது என்பது தானாகத் தெரிந்துவிடும். இரு முனையில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். ஆகவே சாலை நேராக இருக்க வேண்டும். இடையில் மாட்டு மந்தையோ சந்தை வண்டியோ குறுக்கிட்டுக் கார் வேகம் குறைந்துவிடக் கூடாது. ஆகவே சாலை ஆளரவமற்று இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள அடர்ந்த வேலி வேண்டும். நேரான, வெறிச்சோடிய, வேலியடைத்த சாலை என்றால், ஒரு கார் வேகமாகப் போவதால் யாருக்கும் அதிகம் தீங்கு நேராத சாலை. பள்ளி விடும் நேரத்து ஊர்முக்கிலும், தேவாலயத்தை ஒட்டிய கொண்டை வளைவிலும், கிழவர்கள் கடக்கும் கடைத்தெருவிலும் ஒரு ஃபர்லாங் அளந்து சைகை காட்ட முடியாது. அங்கேதான் ஆட்கள் அடிபட்டார்கள். லண்டனிலிருந்து தெற்கே போகும் போர்ட்ஸ்மவுத் சாலையும் பிரைட்டன் சாலையும் இந்தப் பொறிகளுக்குப் பெயர்போனவை. சர்ரே மாவட்டப் போலீஸ் என்றாலே கார்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1905-இல் அமைக்கப்பட்ட மோட்டார் கார்களுக்கான அரச ஆணையத்தின் முன் வந்த முக்கியமான புகார்களில் ஒன்று இதுதான்: ஆபத்தில்லாத திறந்த சாலையில் பொறி வைக்கிறார்கள், ஆபத்தான ஊருக்குள் யாரும் நிற்பதில்லை. 20 மைல் என்ற பொது வரம்பையே நீக்கிவிடலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைத் தொடவில்லை.

வேறு வழியே இல்லாமல் போலீஸ் இப்படிச் செய்தது என்றும் சொல்ல முடியாது. அதே 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு, இடம், சாலை, போக்குவரத்து ஆகியவற்றைக் கருதும்போது பொதுமக்களுக்கு ஆபத்தான வகையில் ஓட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்திருந்தது. அதற்குக் கடிகாரம் தேவையில்லை. ஊர் நடுவில் 12 மைல் வேகத்தில் போனாலும் அந்தப் பிரிவில் வழக்குப் போடலாம். ஊராட்சிகள் விண்ணப்பித்து அறிவிப்புப் பலகையோடு 10 மைல் வரம்பு பெறவும் சட்டத்தில் வழி இருந்தது. சில ஊர்கள் அப்படிப் பெற்றும் கொண்டன. ஆனால் ஆபத்தான ஓட்டுதல் என்பதை நிரூபிக்க, நீதிபதி சூழ்நிலையை எடைபோட வேண்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்குக் கேள்வி கேட்பார், சாட்சி தடுமாறுவார். எண்ணை மீறினான் என்பதற்கு ஒரு கடிகாரம் போதும். எளிதாக நிரூபிக்கக் கூடிய குற்றத்தை நோக்கிக் காவல் சாய்வது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் உள்ளதுதான். அபராதப் பணத்துக்கு ஆசைப்பட்டே பொறி வைத்தார்கள் என்று கார்க்காரர்கள் கூறிய குற்றச்சாட்டை நான் முழுதாக ஒதுக்கவில்லை. ஆனால் அந்த ஆசை இல்லாத நேர்மையான ஒரு காவல் அதிகாரியும் அதே வேலிக்குள்தான் போய் உட்கார்ந்திருப்பார். சட்டம் கேட்ட சாட்சியம் அங்கே மட்டுமே எளிதாகக் கிடைத்தது. பேராசையைக் காரணமாகச் சொன்னால் ஆட்களைப் பழிக்கலாம், அமைப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன், சுருக்கமாக ஏஏ. 1905-இல் பிரைட்டன் சாலையில் சைக்கிளில் ஆட்களை நிறுத்தி, முன்னே பொறி இருக்கிறது என்று கார்களுக்கு எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார்கள் சிலர். அந்த ஆண்டின் நடுவில் அது முறையான சங்கமாயிற்று. எச்சரிப்பது குற்றமா என்ற கேள்வி இரண்டு முறை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1907-இல் பதிவான பாஸ்டபிள் எதிர் லிட்டில் வழக்கில், எச்சரிக்கப்பட்ட கார்கள் அந்த நேரத்தில் வரம்பை மீறின என்பதற்குச் சான்று இல்லை என்பதால், போலீஸ் பணியைத் தடுத்த குற்றம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. 1910-இல் பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் வழக்கில் கார்கள் வேகமாக வந்துகொண்டிருந்தது நிரூபணமாகி இருந்தது; அந்த நிலையில் எச்சரிப்பது குற்றம் என்றது நீதிமன்றம். ஏஏ அதற்கும் வழி கண்டது. சங்கத்தின் சின்னம் பொருத்திய காரைக் கண்டால் சாலையில் நிற்கும் சங்க ஊழியர் சல்யூட் வைப்பார்; வைக்காவிட்டால் உறுப்பினர் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். ஒருவர் சல்யூட் வைக்கவில்லை என்பதற்காக அவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்க முடியாது. 1960-களின் தொடக்கம் வரை சல்யூட் வழக்கம் நீடித்தது. கார் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்ட ரட்யார்ட் கிப்ளிங், பூமி தட்டையானது என்று வாக்களித்த கிராமத்தைப் பற்றி ஒரு நெடுங்கதை எழுதினார். வேகப்பொறியில் சிக்கி, ஆணவமான நீதிபதியிடம் அபராதம் கட்டிய சிலர் அந்த ஊரையே பத்திரிகை வழியாகப் பழிவாங்குவதுதான் கதை. படித்த நடுத்தர, மேல்தட்டு ஆங்கிலேயருக்குச் சட்டத்தின் மேல் இருந்த கசப்பு எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

கடுமையான மறுப்பு ஒன்று இங்கே எழும், எழ வேண்டும். 1904-இல் அந்த நாட்டில் இருந்த கார்கள் எட்டாயிரத்துச் சொச்சம்தான். எல்லாம் பணக்காரர்களுடையவை. தார் போடாத சாலையில் அவை கிளப்பிய புழுதி வீட்டுக்குள்ளும் தோட்டத்துக் கீரையிலும் படிந்தது. கோழிகளும் நாய்களும் செத்தன, குழந்தைகளும் செத்தார்கள். இத்தகையவர்கள் போலீஸை ஏமாற்றக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டதை நியாயத்துக்கான போராட்டமாகப் பேசலாமா? சாலையோரத்து ஏழை மக்களுக்கு அந்த வேலிக்குள் நின்ற கான்ஸ்டபிளைத் தவிர வேறு யார் துணை? இந்த மறுப்பில் உள்ள கோபம் நியாயமானது. 1910-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சட்டப்படி சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஏழை மக்களின் பக்கம் நின்று பார்த்தாலும் பொறி அவர்களைக் காக்கவில்லை என்பதே என் முறையீடு. ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி நேர்ச்சாலையில் அபராதம் கட்டிய கனவான், அந்த எரிச்சலோடு இழந்த நேரத்தை ஈடுகட்ட ஊருக்குள் விரைந்தால் தடுக்க அங்கே யாரும் இல்லை. இன்னொரு செய்தியும் மறக்கப்படுகிறது. பொறியைக் காட்டிக்கொடுத்த அதே ஏஏதான் ஊர்ப்பெயர்ப் பலகைகளையும், பள்ளி, வளைவு, குறுக்குச் சாலை எச்சரிக்கைப் பலகைகளையும் ஆயிரக்கணக்கில் நட்டது. அந்தப் பணி 1930-களின் தொடக்கத்தில்தான் உள்ளாட்சிகளின் கைக்குப் போயிற்று. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குச் சொல்லும் வேலையை அரசு செய்யாமல் விட்டு, குறைக்காதவனைப் பிடிப்பதை மட்டும் செய்தது. சொல்லும் வேலை தனியார் சங்கத்தின் கையில் கிடந்தது.

யாரும் மதிக்காத 20 மைல் வரம்பு ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டு 1930 வரை உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பை அடியோடு நீக்கியது. கார்களின் எண்ணிக்கை அதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பொறி வெறுக்கப்பட்டதால் வரம்பும் வேண்டாம் என்று போனது பெரும் பிழை. அந்தக் காலத்துச் சாவு எண்ணிக்கையைப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். 1934-இல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். இன்று அங்கே ஓடும் வண்டிகளில் ஒரு சிறு பங்குதான் அன்று ஓடியது; இன்றைய ஆண்டுச் சாவுகளோ அதில் கால்பங்குக்கும் குறைவு. மோசமான பொறியின் கடைசிப் பலி அதுதான் என்று சொல்வேன்: தவறான இடத்தில் நின்ற காவல், சரியான சட்டத்தையும் மக்கள் கைகழுவும்படி செய்துவிட்டது.

1934-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் முற்றிலும் வேறு விதமாக. 1935 மார்ச் 18 முதல் மணிக்கு 30 மைல் வரம்பு, குடியிருப்புப் பகுதிகளில் மட்டும். குடியிருப்புப் பகுதி என்பதை எப்படி அறிவது? 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் தெருவிளக்குகள் நிற்கும் சாலை என்று சட்டம் வரையறுத்தது. இதில் இருக்கும் அறிவுக்கூர்மையை நான் வியக்கிறேன். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள். மனிதர்கள் நடக்கும் இடத்தில் வேகம் குறைய வேண்டும். ஓட்டுநர் இரவிலும் பகலிலும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வரம்பு ஆபத்து இருக்கும் இடத்துக்கே குடிபெயர்ந்தது, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி. 1935-இல் சாவுகள் 6,502 ஆகக் குறைந்தன. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானதும், பாதசாரிகள் கடக்கும் இடங்கள் அமைந்ததும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா பல முனைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்தார். ஆகவே அந்த 841 உயிர்களும் தெருவிளக்கு விதியால் பிழைத்தவை என்று சொல்ல முடியாது. சொல்லக் கூடியது இவ்வளவுதான்: இந்த வரம்பை எதிர்த்து முணுமுணுப்பு இருந்தாலும், 20 மைல் வரம்பை அழித்தது போல எந்தச் சங்கத்தாலும் இதை அழிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் இன்று வரை அது நிற்கிறது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. காவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஓட்டுநர் அந்த இடத்தில் மட்டும் பிரேக் பிடித்து, தாண்டியதும் மறுபடி விரைவான். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால்தான் எங்கும் அடக்கமாக ஓட்டுவான். தர்க்கம் சரிதான். ஆனால் அது பலிக்க, பிடிபடும் வாய்ப்பு ஓட்டுநர் அஞ்சும் அளவுக்கு இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் சாலைக்கு மூன்று கான்ஸ்டபிள்கள் என்றால், அது அச்சத்தை விதைப்பதில்லை, அதிர்ஷ்டத்தின் மீது நம்பிக்கையைத்தான் விதைக்கும். அளக்கும் முறையில் பிழையில்லை என்பதையும் பின்னாளைய வரலாறு காட்டியது. 2000-ஐ ஒட்டி பிரிட்டனில் வந்த சராசரி வேகக் கேமராக்கள் செய்வதும் அதே வேலைதான்: ஒரு முனையில் வண்டியைக் குறித்து, மறுமுனையில் மறுபடி குறித்து, தூரத்தை நேரத்தால் வகுப்பது. வேலிக்குள் இருந்த இருவரும் கம்பத்தின் மேல் ஏறிவிட்டார்கள். சில மைல் நீளத்துக்குப் பலகை வைத்து அறிவித்துவிட்டு அளக்கிறார்கள். கேமரா முன் பிரேக் பிடிக்கும் தந்திரம் அங்கே செல்லாது. ஒளிவும் வேண்டியிருக்கவில்லை.

கேமராக்களின் கதையிலும் அதே பழைய கேள்வி திரும்பி வந்தது. மான்டி கார்லோ பந்தயத்தை 1953-இல் வென்ற டச்சு ஓட்டுநர் மாரிஸ் கட்சோனிடஸ், வளைவுகளில் தன் வேகத்தைத் துல்லியமாக அறியக் கண்டுபிடித்த கருவியின் வழித்தோன்றலான கட்சோ கேமரா, 1992-இல் லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் நின்றது. கருவியின் பதிவைச் சாட்சியமாக ஏற்க 1991-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. ஒரு சாட்சியின் கண்மதிப்பு மட்டும் போதாது என்ற 1903-ஆம் ஆண்டு விதி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2000-இல் தொடங்கிய திட்டத்தின்படி, அபராதப் பணத்திலிருந்து கேமராச் செலவை உள்ளூர் அமைப்புகள் எடுத்துக்கொள்ளலாம் என்றானபோது, பணம் பறிக்கும் வேலை என்ற பழைய கூக்குரல் அப்படியே எழுந்தது. அரசு அதற்கு நிபந்தனைகளால் பதில் சொன்னது: கேமராவுக்கு மஞ்சள் வண்ணம் பூச வேண்டும், மறைவில் வைக்கக் கூடாது, கடும் விபத்துகள் நடந்த வரலாறு உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். கேமரா வைத்த இடங்களில் சாவும் படுகாயமும் 42 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. புள்ளியியலாளர்கள் உடனே ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்கள்: விபத்து மிக அதிகமாக இருந்த ஆண்டுகளைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால், கேமரா வைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை இயல்பு நிலைக்கு இறங்கும். அந்த ஆய்வே பின்னிணைப்பில் இதை ஒப்புக்கொண்டது. கழித்துப் பார்த்தால் பலன் சுருங்குகிறது, ஆனால் மறைந்துவிடுவதில்லை. 2007-இல் பணம் நேரடியாக உள்ளூருக்குப் போகும் ஏற்பாடும் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதி, மின்னணுக் கருவிகளை ஆபத்து மிகுந்த, நெரிசல் மிகுந்த சாலைகளில் வைக்கவும், அவற்றுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் சொல்கிறது; அது வேறொரு நாட்டில் நூறாண்டு நடந்த இந்த வழக்கின் முடிவுதான்.

2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸ் நாட்டில் குடியிருப்புச் சாலைகளின் வரம்பு 30 மைலிலிருந்து 20 ஆகக் குறைந்தது. 1903-இல் திறந்த சாலைக்கு விதித்து எவரும் மதிக்காத அதே எண், இப்போது கடைத்தெருவுக்கும் பள்ளித்தெருவுக்கும் வந்திருக்கிறது. எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. வேல்ஸ் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சில பெருஞ்சாலைகளை மறுபடி 30-க்கு மாற்றும் வேலையை அரசு உள்ளூராட்சிகளிடம் விட்டது. வாக்குவாதம் எந்தச் சாலையில் 20, எந்தச் சாலையில் 30 என்பதைப் பற்றியே பெரிதும் நடக்கிறது; வேலிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அல்ல. எந்தச் சாலைக்கு இந்த வரம்பு தானாகப் பொருந்தும் என்பதற்கு வேல்ஸ் எடுத்துக்கொண்ட அடிப்படை, 1934-இல் எழுதிய அதே வரையறைதான்: 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் தெருவிளக்குகள் நிற்கும் சாலை.